நான்காம் வார்த்தைக்குப் பின் ஜெபம்

மார்ச் 5, சாம்பல் புதன்

இல்லை, மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொள்ளவில்லை. மறுப்பதற்கு மூன்று காரணங்கள் கையில் இருந்தன. கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் பருவம். அப்பாவுக்குச் சமைத்துப்போட வேறு ஆள் இல்லை. மூன்றாவதைப் போதகரிடம் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

அவர் கேட்டது இதுதான். பெரிய வெள்ளியன்று மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள். ஒரு வார்த்தைக்கு ஒருவர், இருபது நிமிடம். பிறகு பேசியவரே ஒரு ஜெபம், அதன்பின் ஒரு பாட்டு. இத்தனை வருடமும் வெளியூர்ப் பிரசங்கியார்களைக் கார் அனுப்பி அழைத்துவந்தோம். இந்த வருடம் ஒருவரும் கிடைக்கவில்லை. போதகருக்கு மூன்று சபைகள். அன்றைக்கு அவர் பெரிய கோவிலில் நிற்க வேண்டும். உப்பளத்தை ஒட்டி இருக்கும் எங்கள் சிறிய ஆலயத்துக்கு உபதேசியார் மட்டும்தான். அவர் முதல் வார்த்தையையும் ஏழாம் வார்த்தையையும் பார்த்துக்கொள்வார். நடுவில் ஐந்து.

"வெளிய ஆள் தேட வேண்டாம் கெசியா. சபைக்குள்ளயே ஆளுகளை உருவாக்குங்க. நீங்க நல்லாப் பேசுவீங்கன்னு தெரியும். நான் கேக்கது அது இல்ல."

சரி என்றேன். இரண்டாவது பஸ்ஸைப் பிடித்துக் கல்லூரிக்குப் போனேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு சபைக் கமிட்டி. செயலர் ஞானையா சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கமிட்டியில் பாதிப்பேர் அவரிடம் பிரம்படி வாங்கியவர்கள்; இன்றும் அவர் எழுந்தால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். பட்டினியோடு மூன்று மணி நேரம் உட்காரும் ஜனங்களை அரைகுறைப் பேச்சுக்காரர்களிடம் ஒப்படைப்பது முறையல்ல என்றார். அவரிடம் மாற்று யோசனை தயார். பெரிய கோவில் ஆராதனையை நேரலையில் இங்கே காட்டிவிடலாம். பலிபீடத்துக்கு முன்னால் ஒரு திரை போதும்.

இந்த வருடம் முயன்று பார்க்கட்டும், சரிவராவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து திரை என்று தீர்மானம். அதாவது, நாங்கள் தடுமாறினால் இந்த ஆலயத்தில் இனி யாரும் எழுந்து பேசப்போவதில்லை.

வெளியே வந்ததும் அவரிடமே போனேன். ஆறாம் வார்த்தையை நீங்கள் பேச வேண்டும் என்றேன். ஆறாம் வார்த்தை 'முடிந்தது.'

"என் காலம் முடிஞ்சதுன்னு என் வாயாலயே சொல்ல வைக்கீகளாக்கும்," என்றார். ஆனால் டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

மார்ச் 11, செவ்வாய்

மற்றவர்களும் சம்மதித்துவிட்டார்கள். ஐந்தாம் வார்த்தை 'தாகமாயிருக்கிறேன்.' அது ஏசுவடியான் அண்ணனுக்கு. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். மூன்றாம் வார்த்தையில் இயேசு தன் தாயைச் சீடன் யோவானிடம் ஒப்படைக்கிறார். அது ரூபாவதி அக்காவுக்கு. உப்பளத்தில் முப்பது வருடமாக உப்பு வாருகிறவள், எழுதப்படிக்கத் தெரியாது. இரண்டாம் வார்த்தை, பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் சொன்னது: 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்.' அது பெனிட்டாவுக்கு. செவிலி. சிறுநீரக வார்டு. அவளை ஏன் சேர்த்தேன் என்று நான் யோசிக்கவில்லை.

நான்காவது எனக்கு. 'என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?' ஒருவரும் எடுக்க விரும்பாத வார்த்தை. அதனால் எடுத்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 15, சனி

முதல் கூட்டம். ஞாயிறு பள்ளிக் கூடத்தில், குட்டி நாற்காலிகளில். ஞானையா சாருக்கு மட்டும் மேசையை இழுத்துப் போட்டோம்.

எல்லார் முகத்திலும் பயம். பயத்தைப் போக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொருவருக்கும் உரையை நானே எழுதித் தருகிறேன். மனப்பாடம் செய்தால் போதும். எல்லோருக்கும் மூச்சு வந்தது. ரூபாவதி அக்காவுக்குப் போனில் பேசிப் பதிந்து தருவேன்.

ஜெபம்: ஏசுவடியான் அண்ணன்.

மார்ச் 18

நான்கு உரைகள், மூன்று நாட்கள். விடைத்தாள் கட்டு பிரிக்கப்படவே இல்லை. எழுத எழுதச் சுகமாக இருக்கிறது. உப்பளத் தொழிலாளியின் குரலில் ஒன்று, ஓட்டுநரின் குரலில் ஒன்று. எனக்கு இது வரும்.

மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். இன்று ஜெபிப்பது யார் என்று அப்பா கேட்டார். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனேன். பால் இருந்தது உண்மை.

மார்ச் 22, சனி

இரண்டாம் கூட்டம். நால்வரில் மூவர் பிசகாமல் ஒப்பித்தார்கள். ரூபாவதி அக்கா என் மூச்சு எங்கே நின்றதோ அங்கேயே நிறுத்துகிறாள். நான் பதிவில் ஓரிடத்தில் இருமியிருந்தேன், அங்கேயும் நிறுத்தினாள்.

ஞானையா சார் என் உரையைக் கையால் தொடவில்லை. சொந்தமாகப் பதினான்கு பக்கம் கொண்டுவந்திருந்தார்.

நன்றாகப் போகிறது. எழுதி வைக்கிறேன்: நன்றாகப் போகிறது.

ஜெபம்: ஞானையா சார். பதினோரு நிமிடம்.

மார்ச் 25

குழாயில் தண்ணீர் வரவில்லை. இன்றோடு ஒன்பதாம் நாள். அப்பா குடங்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அம்மாவின் அலமாரியில் பழைய சேலை இருக்கும், குடம் துடைக்கக் கிழிக்கலாம் என்றார். கடையில் துணி வாங்கி வந்தேன்.

மார்ச் 29, சனி

மோசமான கூட்டம்.

ஏசுவடியான் அண்ணன் பாதியில் நின்றார். 'ஆத்துமாவின் பாலைவெளி' என்ற இடத்தில். மூன்று முறை தொடங்கினார், மூன்று முறையும் அங்கேயே. பிறகு சிரித்துவிட்டார்.

"இத சொல்லும்போது என் சட்டைக்குள்ள வேற ஆரோ நிக்க மாதிரி இருக்கு தங்கச்சி. ஆளு நல்ல ஆளுதான். ஆனா நான் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ரூபாவதி அக்கா சிரிக்கவில்லை. உப்பு வாரும்போது இப்போது தன் காதில் என் குரல்தான் கேட்கிறதாம். அந்த நேரத்தில் முன்பு தான் பாட்டுக்கு எதையாவது நினைத்துக்கொண்டிருப்பாளாம். அதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லையாம்.

எனக்குக் கோபம். உழைப்பைப் பற்றி ஏதோ சொன்னேன். விரிவுரை மாதிரி. பெனிட்டா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபம்: பெனிட்டா. நான்கு வரி.

வாசலில் ரூபாவதி அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எட்டி, வாராவாரம் ஒவ்வொரு ஆளா ஜெபம் பண்ணச் சொல்லுத. உன் முற எப்ப?"

நடத்துகிறவளே எல்லாவற்றையும் செய்யக் கூடாது, மற்றவர்களும் வளர வேண்டும் என்றேன். நல்ல பதில். வீடு வரும்வரை அதை மனதுக்குள் இன்னும் செம்மைப்படுத்திக்கொண்டே வந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

சட்டைக்குள் வேறு ஆள்.

கோலியாத்தோடு சண்டைக்குப் போகிற தாவீதுக்குச் சவுல் ராஜா தன் கவசத்தைப் போட்டுவிடுகிறான். நல்ல எண்ணம்தான். நல்ல வெண்கலம். தாவீது நடந்து பார்க்கிறான், நடக்க முடியவில்லை. பழக்கமில்லை என்று கழற்றி வைத்துவிட்டு, ஓடையில் கூழாங்கல் பொறுக்கப் போகிறான். ஞாயிறு பள்ளியில் நானே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த கதை. எப்போதும் தாவீதின் பக்கம் நின்றே சொல்லியிருக்கிறேன். கவசத்தைக் கொடுத்தவன் அப்போது எப்படி நின்றிருப்பான் என்று நினைத்ததே இல்லை. கழற்றியதைக் கையில் வாங்கிக்கொண்டு.

நான் ஐந்து பேரை உருவாக்கவில்லை. ஒரே ஆளை ஐந்து முறை மேடையேற்றப் பார்த்தேன்.

இன்னும் பத்தொன்பது நாள். திரும்ப வாங்கிவிடுவேன். எல்லாவற்றையும்.

ஏப்ரல் 3

அம்மா போய் ஓர் ஆண்டு. வகுப்புக்குப் போனேன்.

ஏப்ரல் 5, சனி

தாள்களைத் திரும்பக் கேட்டேன். கொடுத்தார்கள். ரூபாவதி அக்காவின் போனில் இருந்த பதிவை நானே அழித்தேன். இனி எழுதித் தர மாட்டேன், கேள்வி மட்டும்தான் கேட்பேன் என்றேன். இந்த வார்த்தையை நீங்கள் எங்கே கேட்டிருக்கிறீர்கள்? வேதத்தில் அல்ல, உங்கள் வேலையில், உங்கள் தெருவில்.

ஞானையா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபது நாளை வீணடித்தாயிற்று, திரைக்கு ஆள் பார்த்து வைப்பது நல்லது என்றார். என்னிடம் அல்ல, மேசையிடம்.

பெனிட்டா போகாமல் நின்றாள். பேப்பர் இல்லாமல் தன்னால் முடியாது என்றாள். வார்டில் பார்த்ததைச் சொல் என்றேன்.

"எத வேணும்னாலும் சொல்லலாமாக்கா?"

"எத வேணும்னாலும்."

என்னை நெடுநேரம் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

என் உரையை மட்டும் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பக்கம். என் கவசம் எனக்குப் பொருந்துகிறது. அதைக் கழற்றக் காரணம் இல்லை.

ஜெபம்: ரூபாவதி அக்கா.

ஏப்ரல் 8, செவ்வாய்

கூட்டத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அவர்கள் இருக்கும் இடத்துக்கு நான் போக வேண்டும். மத்தியானம் வகுப்பு இல்லை. ஏசுவடியான் அண்ணனின் லாரியில் ஏறிக்கொண்டேன்.

ஐந்து தெருக்கள். லாரி நிற்கும் முன்பே குடங்கள் ஓடி வருகின்றன. ஓர் அக்கா இன்னொருத்தியின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள். உன் மாமியாருக்கு ஊற்றவா தண்ணீர் என்று பதிலுக்கு ஒரு சத்தம். அண்ணன் குழாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் சமாதானம் பேசினார். ஆறாயிரம் லிட்டர். கழுவ, குளிக்க. குடிக்க ஆகாத உப்புத் தண்ணீர்.

நான்காம் தெருவில் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்பதில்லையாம். இருபது வருடமாக அந்தத் தெருவுக்கு ஊற்றுகிறார். முதல் வருடம் ஒரு வீட்டில் கேட்டார். செம்பைத் தராமல், கையை ஏந்தச் சொல்லி மேலிருந்து ஊற்றினார்கள். அதற்குப் பிறகு பாட்டில் கொண்டுபோகிறார்.

வண்டியை எடுக்கும்போது சொன்னார்: "ஆண்டவர் அத்தன பேரு முன்னால தாகமா இருக்குன்னு வாய்விட்டுக் கேட்டாரு பாருங்க. எனக்கு அதான் பெருசாத் தெரியுது. சாகது கூட ஆயிரும் தங்கச்சி. கேக்கது கஷ்டம்."

அதை அப்படியே சொல்லுங்கள் என்றேன். இதெல்லாம் ஒரு பிரசங்கமா என்றார்.

கேட்பது கஷ்டம். கேட்டவர்களிடம் அப்புறம் என்று சொல்வது எளிது.

கடைசி வரியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

ஏப்ரல் 10

உப்பளத்துக்குப் போனேன். வெயில் கீழேயிருந்தும் அடிக்கிறது. ரூபாவதி அக்கா வாரிக்கொண்டே பேசினாள், நான் கேட்டுக்கொண்டே வரப்பில் நடந்தேன். நான் ஒரு வாக்கியத்தையும் திருத்தவில்லை. இரண்டு இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

கடைசிக் கூட்டம். ஏசுவடியான் அண்ணன் நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு, இனி ஒன்றும் இல்லை என்றார். ரூபாவதி அக்கா ஆறு நிமிடம். பெனிட்டா, அன்றைக்குத்தான் சொல்வேன், இன்று வராது என்றாள். ஞானையா சார் கடிகாரத்தைப் பார்த்தபடி கூட்டினார்: இப்படிப் போனால் ஆராதனை இரண்டேகால் மணிக்கே முடிந்துவிடும். மும்மணி ஆராதனை என்று பெயர் வைத்துக்கொண்டு.

அவர் சொன்னதில் தவறில்லை. இரவல் உரைகள் இருபது நிமிடம் வந்தன. சொந்தம் இவ்வளவுதான் இருக்கிறது.

பழைய தாள்களை மறுபடி கொடுத்துவிடலாமா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். பையிலேயே இருந்தன. கொடுக்கவில்லை.

ஜெபம்: ஏசுவடியான் அண்ணன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனியில் நடந்தேன். ஓலை விரலைக் கிழித்தது.

ஏப்ரல் 16, புதன்

உபதேசியாரிடம் ஆராதனை முறையை எழுதிக் கொடுத்தேன். நான்காம் வார்த்தையின் முடிவில் அவரே ஜெபித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். எனக்குத் தொண்டை சரியில்லை என்றேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. அவர் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். அவர் கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

நடந்ததை நடந்தபடி.

பதினொன்றரைக்கே ஆலயம் நிறைந்துவிட்டது. மணி அடிக்கவில்லை, இன்று அடிப்பதில்லை. வெள்ளைச் சேலைகள், விசிறிகள், பட்டினி வாசம். அப்பா மூன்றாம் பெஞ்சில். ஞானையா சார் மேசைமணியைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இருபது நிமிடம் தாண்டினால் தட்டுவதற்கு. யாரும் தாண்டப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

உபதேசியார் முதல் வார்த்தை. பிறகு பெனிட்டா.

கையில் ஒன்றும் இல்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். போன வருடம் வார்டில் ஓர் அம்மா இருந்தார்கள் என்று ஆரம்பித்தாள். பெயர் சொல்லவில்லை. அந்த அம்மா சாயங்காலம் தன் மகளிடம் ஒரு ஜெபம் பண்ணு என்று கேட்டார்கள். மகள் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் பண்ணுகிறேன் என்றாள். காலையில் மகள் குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போன நேரம், டூட்டி மாறும் நேரம், அந்த அம்மா பெனிட்டாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு ஜெபம் பண்ண வராது. பரமண்டல ஜெபத்த ஆரம்பிச்சேன். பாதியில மறந்துட்டு. மிச்சத்த அந்த அம்மாதான் சொல்லி முடிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, என் மகளுக்கும் சேத்து நானே சொல்லிட்டேன் சிஸ்டர், பாவம், அவளுக்கு வேல நெறைய. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆண்டவர் அந்தக் கள்ளன்கிட்ட இன்றைக்குன்னு சொன்னாரு. அந்த அம்மாவுக்கும் அது இன்றைக்குத்தான். இத ஒரு வருசமா ஒரு ஆள்ட்ட சொல்லணும்னு இருந்தேன். அவங்க மொகத்தப் பாத்தா எனக்கு வராது."

ஜெபித்தாள். இறங்கினாள். என் பக்கம் பார்க்கவில்லை. அப்பா பார்த்தார்.

நான் எழுதிக் கொடுத்த உரையில் கள்ளனின் மனத்தைப் பற்றி நான்கு பக்கம் இருந்தது. அவள் அதை மட்டும் ஒப்பித்திருந்தால் இன்றும் எனக்குத் தெரிந்திருக்காது.

பாட்டு. ரூபாவதி அக்கா. தன் கையை நீட்டிக் காட்டினாள், உப்பில் வெடித்த விரல்கள். ஆண்டவருக்கு இரண்டு கையும் ஆணியில் இருந்தது, அம்மா கையைப் பிடிக்க முடியவில்லை, அதனால் வேறு ஒரு கையைக் கைகாட்டிவிட்டார், மீதியை நாம்தான் பிடிக்க வேண்டும் என்றாள். ஆறு நிமிடம்கூட இல்லை. பாட்டின்போது நான் எழுந்து நடந்தேன்.

பன்னிரண்டு பக்கத்தையும் பிரசங்க பீடத்தில் வைத்தேன். வார்த்தையை வாசித்தேன். முதல் பக்கம் நல்ல பக்கம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விசிறிகளின் சத்தம் கேட்டது.

அந்த மகள் நான்தான் என்றேன். ஒரு வருடமாக ஜெபம் பண்ணவில்லை, முடியவில்லை என்றேன். தேவன் என்னைக் கைவிட்டார் என்று சொல்லவே இந்த வார்த்தையை எடுத்தேன், ஆனால் இத்தனை நாள் பேசாமல் இருந்தது நான்தான் என்றேன். கைவிட்டீரே என்று இயேசு கேட்டதும்கூட ஜெபம்தான். அதை இந்தப் பன்னிரண்டு பக்கத்தில் நான் எங்கும் எழுதவில்லை என்றேன். அவ்வளவுதான். மூன்று நிமிடம் இருக்கும்.

சொன்னபடி உபதேசியார் எழுந்தார். உட்காருங்கள் என்று கை காட்டினேன்.

எனக்கென்று வார்த்தை ஒன்றும் வரவில்லை. பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தேன். நான்கு வயதிலிருந்து தெரிந்தது. 'இன்று எங்களுக்குத் தாரும்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. முதலில் ரூபாவதி அக்காவின் குரல், அதன்மேல் ஏசுவடியான் அண்ணன், பிறகு சபை முழுவதும். ஞானையா சாரின் குரல் எல்லோருக்கும் ஒரு சொல் முன்னால். முடித்து வைத்தார்கள். ஆமென் மட்டும் நான் சொன்னேன்.

ஏசுவடியான் அண்ணன் நான்காம் தெருவைச் சொன்னார். தெருவின் பெயரையும் சொன்னார். அந்தத் தெருக்காரர்கள் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள். கேட்டவருக்கு வெட்கம் இல்லை, வெட்கம் தண்ணீருக்குப் பதில் புளித்த காடியைக் கொடுத்தவர்களுக்குத்தான் என்று முடித்தார். ஏழு நிமிடம்.

மணி ஒன்று நாற்பது. இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் மீதி. ஞானையா சார் எழுந்தார், மேசைமணியை என் கையில் கொடுத்தார், பதினான்கு பக்கத்தையும் விரித்தார். ஐம்பத்தைந்து நிமிடம் பேசினார். நாங்கள் மிச்சம் வைத்த நேரம் முழுவதையும் அவர் ஒருவரே சுமந்தார். 'முடிந்தது' என்ற வார்த்தைக்கு இவ்வளவு நீளம் வேறு யாராலும் கொடுத்திருக்க முடியாது. நான் மணியைத் தட்டவில்லை. மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது உபதேசியார் ஏழாம் வார்த்தையை முடித்தார்.

வாசலில் கஞ்சி. வரிசையில் ஞானையா சார் எனக்கு முன்னால் நின்றார். துவையலில் உப்புக் கூடிவிட்டது என்றார். திரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுத் திரும்பினார்.

"அடுத்த வருசம் எனக்கு அஞ்சாவதக் குடும்மா. அதுல எனக்குச் சொல்ல இருக்கு."

அவரும் நான்காம் தெருதான்.

பெனிட்டாவைத் தேடினேன். சாயங்கால டூட்டிக்குப் போய்விட்டாளாம். சனிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்தப்போவதில்லை; அடுத்தது மே முதல் சனி. அதை அவள் நடத்தட்டும். கேட்க வேண்டும்.

ஜெபம்: இரண்டு, பெனிட்டா. மூன்று, ரூபாவதி அக்கா. நான்கு, நானும் சபையும். ஐந்து, ஏசுவடியான் அண்ணன். ஆறு, ஞானையா சார்.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அம்மாவின் அலமாரியிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்துக் கிழித்து, குடங்களைத் துடைத்து, பதினோரு குடம் பிடித்து வைத்தேன்.